சேவலும் பதினெட்டாம் அதிகாரமும்

எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் சந்தை விலையைத் தாண்டித்தான் போகும். காணிக்கை ஆயிற்றே! போன வருஷம் அடுத்த வீட்டுத் தம்பி ஒரு நாட்டுச் சேவலை 1,100 ரூபாய்க்குக் கேட்டு, கைதட்டலுக்கு நடுவே அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. ஏலக் கணக்கு எழுதுகிறவன் நான். அந்தச் சேவலோ தினமும் விடியக்காலை நாலரைக்கு என் ஜன்னலுக்கு நேரே நின்று பாக்கியை ஞாபகப்படுத்தியது.

சகோதரன் தப்பு செய்தால் என்ன செய்வது என்று மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு மூன்று படி வைத்திருக்கிறார். முதலில் தனியாகப் போய் அவரிடமே பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். சண்டே ஸ்கூலில் இதைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவனே நான்தான். ஆனால் எனக்குப் படியேறிப் பழக்கமில்லை. மாடியிலிருந்து இறங்கித்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆரம்பித்தேன். வம்பு பேசவில்லை ஐயா, ஜெபக்குறிப்பு கொடுத்தேன். "பேரு வேண்டாம். கோழி வளர்க்கிற ஒரு சகோதரர். நம்ம தெருதான். காணிக்கை விஷயத்துல அவருக்காகப் பாரத்தோட ஜெபிங்க." எங்கள் தெருவில் கோழி வளர்ப்பது ஒரே வீடு. பதினோரு பேர் கண்ணை மூடினார்கள். காதை ஒருவரும் மூடவில்லை.

"அவங்ககிட்ட நேர்ல பேசினீங்களா?" என்றாள் மனைவி.

"ஜெபத்துல காத்திருக்கேன்" என்றேன். காத்திருந்தது தைரியத்துக்கு.

ஒரு வழியாக அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி ராஜா வாயாலேயே தீர்ப்பு வாங்கினார். அதே பாணியில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். கதையில் சேவல் வந்தால் குட்டு உடைந்துவிடும் என்று வாத்தாக மாற்றிக்கொண்டேன்.

"வாங்கண்ணாச்சி" என்று நாற்காலி போட்டார் தம்பி. காபி வந்தது, முறுக்கு வந்தது. ஒரு கடி கடித்துவிட்டு, "ஒரு ஊர்ல ஒரு வாத்து..." என்று ஆரம்பித்தேன்.

"சேவல் பணம்தானே அண்ணாச்சி?"

முறுக்கு தொண்டையிலேயே நின்றது.

"கைதட்டுன ஜோர்ல ஏத்திக் கேட்டுட்டேன். அது மவளுக்குப் பீஸ் கட்டுன மாசம். அப்புறம் உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமாப் போச்சு. காசு கொடுக்காத சேவலை அறுக்கவும் மனசு வரல. தப்புதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "நேத்து மட்டும் ஏழு பேர் எனக்காக ஜெபிக்கிறதா போன் பண்ணாங்க. நீங்க யாருகிட்டயும் சொன்னீங்களா?"

"சேச்சே!"

"மதினிகிட்ட?"

"மூச்சு விடல."

"ஜெபக்கூட்டத்துல?"

"கூட்டத்துலயா? நானா? என்ன பேசுதீங்க தம்பி!"

முற்றத்துப் பஞ்சாரத்துக்குள்ளிருந்து சேவல் கூவியது.

இரண்டு பேரும் பைபிள் படித்தவர்கள். விளக்கம் தேவைப்படவில்லை. பேதுரு வெளியே போய் அழுதார். நான் செருப்பைத் தேடினேன். ஒரு கால் செருப்பு கிடைக்கவில்லை.

"உக்காருங்கண்ணாச்சி, காபி ஆறுது" என்றார் தம்பி. தனியாக, தன்மையாக, எதிராளிக்கு நாற்காலி போட்டுத் தப்பைச் சுட்டிக்காட்டுவது எப்படி என்று ஒரு பாடம் அந்தத் திண்ணையில் நடந்து முடிந்திருந்தது. நடத்தியது சண்டே ஸ்கூல் வாத்தியார் இல்லை.

தம்பி மாதம் 300 ரூபாயாகக் கட்டுகிறார். நான் பதினோரு வீடு ஏறி, நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். இதுவரை நாலு வீடு ஆகியிருக்கிறது. சேவல் இப்போதும் நாலரைக்குக் கூவுகிறது. யார் பாக்கிக்கு என்பதில்தான் இப்போது எனக்குச் சந்தேகமில்லை.