கடற்கரையில் உட்கார்ந்தால் நாவல் வருமா?

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரையில்தான் கல்கிக்கு 'சிவகாமியின் சபதம்' கதை தோன்றியதாமே? நானும் போய் உட்கார்ந்தால் நாவல் வருமா?
- ஒரு வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: சுண்டல் வரும். பின்னாலேயே சங்கு மாலை விற்பவர் வருவார். நாவல் வர, போகும்போதே தலைக்குள் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும்.

ரசிகமணி டி.கே.சி.யோடு கல்கி அந்த மணலில் உட்கார்ந்தது நிஜம்தான். ஆனால் 1944-ல் தொடராகத் தொடங்கிய அந்தக் கதையில் திருநாவுக்கரசர் வருகிறார், சீனத்து யுவான் சுவாங் வருகிறார். இவர்கள் எல்லாம் அலையில் மிதந்தா வந்தார்கள்? தேவாரத்திலிருந்தும் பயணக் குறிப்பிலிருந்தும் எழுந்து வந்தவர்கள். கதையில் வரும் மகேந்திரவர்மரே 'மத்தவிலாசம்' எழுதிய ஆசாமி. ராஜ்ஜியத்தையும் கவனித்துக்கொண்டு கிண்டல் நாடகம் எழுதியிருக்கிறார். நமக்கோ ஆபீஸ் போய் வந்தாலே நேரமில்லை!

உங்கள் மாவட்டத்துப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் சேர்த்த நூல்களைக் கொண்டு, அவர் மறைவுக்குப் பின் 1958-ல் சென்னையில் ஒரு நூலகமே அமைந்தது. அவர் எழுதிக் குவித்ததற்கு வேறு ரகசியம் தேட வேண்டியதில்லை.

முதலில் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். கடல் எங்கும் போய்விடாது.