சுக்கான் திருப்பி உதைத்த வரலாறு

மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து மச்சான் ஒரு கார் பந்தய ஆட்டப் பெட்டியை வாங்கி, குட்டியானையில் ஏற்றி, புதுமடத்துக்குக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே செத்துக் கிடந்த போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தோம். ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்த மோட்டாரை மட்டும் விட்டுவைத்தோம். சுவரில் மோதினால் கையில் உதைக்க வேண்டாமா?

சுவிட்சைப் போட்டதும் ஸ்டீயரிங் யாரும் தொடாமலேயே இடதுபக்கம் சுழன்று, டங்கென்று முட்டி, அங்கேயே நின்றுகொண்டது. பிடித்து நேராக்கினால் புது மாப்பிள்ளை மாதிரி இன்னும் முறுக்கிக்கொண்டது. திண்ணையிலிருந்த பெரியத்தா எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் தூத்துக்குடி-கொழும்புத் தோணியில் சுக்கான் பிடித்தவர்.

"என்னடா, சுக்கான் உதைக்குதா?"

அந்தக் கேள்வியை 1861-இல் அட்லாண்டிக் கடலில் கேட்டிருக்க வேண்டும். புருனெல் என்ற பொறியாளர் வடிவமைத்த 'கிரேட் ஈஸ்டர்ன்', 692 அடி நீளம், அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல், செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது. நடுக்கடலில் புயல். பக்கச் சக்கரங்கள் பிய்த்துக்கொண்டு போயின. சுக்கான் தண்டு முறிந்தது. மேலேயிருந்த இரண்டு பசுமாடுகள் தொழுவத்தோடு பெண்கள் அறைக்குள் விழுந்தன. சீமாட்டிகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எங்கள் ஊர்ப் பாஷையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மாடுகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலக் கப்பலில் அலை சுக்கானை அடித்தால், அந்த அடி அப்படியே சக்கரத்துக்கு வந்து, பிடித்திருப்பவனைத் தூக்கியெறியும். 1867-இல் மக்ஃபார்லேன் கிரே என்ற பொறியாளர் இதே கப்பலில் நீராவியால் சுக்கான் திருப்பும் இயந்திரத்தைப் பூட்டினார். சக்கரத்தைத் திருப்பினால் வால்வு திறக்கும், நீராவி சுக்கானைத் தள்ளும், கேட்ட இடத்துக்கு வந்ததும் சுக்கானே வால்வை மூடிக்கொள்ளும். பிரான்சில் ஃபார்கோ என்பவர் இந்த மாதிரி இயந்திரத்துக்கு 'செர்வோ மோட்டார்' என்று பெயரிட்டு 1873-இல் புத்தகமே போட்டார். அடிமை மோட்டார் என்று அர்த்தம். அடிமை வந்தது, கையில் உதை நின்றது.

அதோடு விட்டார்களா? 1922-இல் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி, ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போனவர், சுக்கானியே எதற்கு என்று கணக்குப் போட்டார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது, இந்த மூன்றையும் மனசுக்குள் கூட்டித்தான் நல்ல சுக்கானி திருப்புகிறான் என்று கண்டுபிடித்தார். பெரியத்தாவைக் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பார். 'நியூ மெக்ஸிகோ' போர்க்கப்பலில் சோதித்தும் பார்த்தார்கள். கப்பல் ஆட்கள் முகம் சுளித்ததில் கடற்படை அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிழைப்பு போய்விடுமே!

தரையிலும் ஸ்டீயரிங்கோடு இதே மல்லுக்கட்டுதான். பவர் ஸ்டீயரிங் வராத காலத்தில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது டிரைவர் சீட்டைவிட்டுப் பாதி எழுந்துவிடுவார்.

இப்படிப் படாதபாடு பட்டு ஒழித்த உதையைத்தான் பிறகு காசுக்கு விற்றார்கள். 1976-இல் சேகாவின் 'மோட்டோ கிராஸ்' ஆட்டத்தில் மோதினால் ஹேண்டில்பார் நடுங்கியது. 1989-இல் அட்டாரியின் 'ஹார்ட் டிரைவின்' வந்தது: சாவி, கிளட்ச், கியர், கையோடு மல்லுக்கட்டும் ஸ்டீயரிங். நிஜக் கார் எப்படி வளையும், எப்படி வழுக்கும் என்ற கணக்குக்கு டக் மில்லிகன் என்ற வாகன இயக்க நிபுணரையே கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் சாலையோரம் ஒரு பசு நிற்கும். இடித்தால் கத்தும். பெண்கள் அறையில் விழுந்த மாடு 128 வருஷம் கழித்து எழுந்து வந்துவிட்டது.

எங்கள் பெட்டியில் மாடு இல்லை, சனியன் மட்டும் இருந்தது. ஸ்டீயரிங் எங்கே நிற்கிறது என்று சொல்வது அச்சில் பூட்டிய பொட்டென்ஷியோமீட்டர், ரேடியோ வால்யூம் திருகியின் அண்ணன். அது 'கொஞ்சம் இடப்பக்கம்' என்கிறது. கம்ப்யூட்டர் 'வலப்பக்கம் தள்ளு' என்கிறது. மோட்டார் வயர் இரண்டும் மாறியிருந்ததால் மோட்டார் இடப்பக்கமே தள்ளுகிறது. விலகல் கூடக்கூடத் தள்ளலும் கூடி, கடைசியில் டங். ஒரு வாரம் சாஃப்ட்வேரைச் சபித்த மச்சான், இரண்டு வயரை மாற்றிப் போட ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

அடுத்து உதறல். கையை விட்டால் ஸ்டீயரிங் நடுவில் நிற்காமல் இடமும் வலமும் பேயாடியது. மோட்டாரை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் பெல்ட்டில் தொய்வு, மோட்டார் வேகமோ முழு அளவு. திருத்தச் சொல்லி உத்தரவு வருவதற்குள் ஸ்டீயரிங் நடுவைத் தாண்டிவிடுகிறது; மறுபடி திருத்தம், மறுபடி தாண்டல். பெல்ட்டை இறுக்கி, வேகத்தைப் பாதியாக்கினோம். அப்போதும் லேசாக ஆடியது.

பெரியத்தா வந்து உட்கார்ந்து கையை வைத்தார். இறுக்கவில்லை, சும்மா வைத்தார். ஆட்டம் நின்றது. மூன்று சுற்று ஓட்டினார், சுவரில் ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

"இதுக்கு அந்தக் காலத்துல எனக்குக் கூலி கொடுத்தாங்க," என்றபடி கையை நீட்டினார். கேட்டது கூலியா, அடுத்த ஆட்டத்துக்குக் காசா என்று தெரியாமல் மச்சான் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தான்.