இரண்டு மலை, நடுவில் சூரியன்

தெருப் பிள்ளைகளுக்கான ஓவியக்கூடம் என்பது, பள்ளி விட்ட பிறகு ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள் வந்து வரைந்துவிட்டுப் போகும் இடம். தரை, தாள், நிறம், தண்ணீர் நான்கும் இருந்தால் தொடங்கிவிடலாம். பெரியவர் ஒருவரும் வேண்டும். அவருக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரை துடைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இடம் கிடைப்பது பெரிய பாடில்லை. வயலை விற்றுவிட்ட பழைய வீடுகளில் சாய்ப்பும் படிப்புரையும் சும்மாதான் கிடக்கின்றன. “பிள்ளைய படம் வரையதுக்குத்தானே, வாடகை என்னத்துக்கு” என்று வீட்டுக்காரர் தாராளமாகத் திறந்துவிடுவார். சுவரில் மட்டும் கறை படக்கூடாது என்பார். இந்த நிபந்தனைக்குத் தலையாட்டாமல் இந்த மாவட்டத்தில் எந்தக் கூடமும் திறக்கப்பட்டதில்லை. அதை ஒரு மாதத்துக்கு மேல் காப்பாற்றிய கூடமும் இல்லை.

அரசாங்கமும் இந்தத் துறையில் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பல மாவட்டங்களில் ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ளவர்களுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் கற்றுக்கொடுக்கின்றன. உலக அளவில் இதற்கெல்லாம் மூத்தவர் பிரான்ஸ் சிசெக். 1897-இல் வியன்னாவில் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கியவர். தம் சன்னலுக்கு எதிரே இருந்த வேலியில் பிள்ளைகள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு கிறுக்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். வரையக் கற்றுக்கொடுக்காமல் வரைய விடுவதே அவருடைய முறை. நாகர்கோவிலில் அவர் குடியிருந்தால் அந்த யோசனை வந்திருக்காது. இங்கே எதிர்ச்சுவர் எப்போதும் ஏதாவது ஒரு கட்சியால் முன்பதிவு செய்யப்பட்டிருக்கும்.

அடுத்தது தட்பவெப்பம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் பெருமழை. குமரிக்குத் தென்மேற்கும் சேர்த்து இரண்டு. ஜூனில் பூசிய வண்ணம் காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். போஸ்டர் கலர் பாட்டிலின் மூடி இறுகிவிடும். திறந்தால் உள்ளே பூஞ்சை பூத்திருக்கும். அதுவும் ஒருவகைப் பச்சைதான் என்று எடுத்துப் பூசியவர்கள் உண்டு; குறை சொல்ல முடியாத பச்சை அது. ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று கூடத்துக்குள்ளும் வரும் என்பதால் ஒவ்வொரு தாளுக்கும் நான்கு கல் வேண்டும். கல் பொறுக்கப் போகும் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை.

மெழுகு வண்ணப் பெட்டியில் தனியே சொல்ல வேண்டியது ‘ஸ்கின் கலர்’. வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு குச்சி. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் பெட்டியில் ‘சதை’ என்று இருந்த நிறத்தின் பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிக்கொண்டது. நம்மூர்ப் பிள்ளைகள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. குளச்சல் கரையில் பிறந்து வெயிலில் விளைந்த ஒருத்தி, வலை இழுக்கும் தன் அப்பாவை அந்தக் குச்சியால் வெள்ளைக்காரராக்கிக்கொண்டிருந்தாள். அப்பா இந்த நிறமா என்று கேட்டதற்கு, “எனக்க அப்பா கறுப்பு. படத்துல உள்ளவருக்கு ஸ்கின் கலர்” என்றாள். பதில் சொல்ல முடியாத வாதங்களை ஆறு வயதுக்காரர்கள்தான் வைப்பார்கள்.

வயதுவாரியான வளர்ச்சி உலகெங்கும் ஒரே மாதிரிதான். இரண்டு வயதில் கிறுக்கல். மூன்று, நான்கில் தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதன். வயிறு என்ற உறுப்பு அப்போது கண்டுபிடிக்கப்பட்டிருக்காது. ஆறில் வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே சோறு வேகும் பானையும் தெரியும். ஒன்பதுக்கு மேல் அழிரப்பர் யுகம். கோட்டைவிட அழிப்பு அதிகமாகி, தாளில் ஓட்டை விழும் இடத்தில் ஓவியம் முடிவடைகிறது.

இந்த நிலைகள் எல்லாவற்றையும் தாண்டி நிற்பது ஒரே ஒரு படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. காஷ்மீர் முதல் குமரி வரை இந்தியப் பிள்ளைகள் அனைவரும் வரைவது இதைத்தான். ஓவிய ஆசிரியர்கள் இதை ஒழித்தே தீருவது என்று காலங்காலமாகப் போராடிவருகிறார்கள். வெளியே போய்க் கண்ணால் பார்த்து வரை என்பது அவர்களுடைய கடைசி ஆயுதம். சென்னையில் அது பலிக்கும். பிள்ளை வெளியே பார்த்தால் டிரான்ஸ்பார்மரும் தண்ணீர் லாரியும் தெரியும்.

பூதப்பாண்டியிலோ தேரூரிலோ ஒரு பையனை வெளியே அனுப்பினால், அவன் வாசலில் நின்று பார்க்கிறான். அங்கே மலை இருக்கிறது. சூரியன் இருக்கிறது. ஆறு வளைகிறது. தென்னை சாய்ந்தே நிற்கிறது. ஓட்டு வீடு பாட்டியுடையது. பறவைகளுக்கோ பஞ்சமே இல்லை. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததே பறவைகளுக்காகத்தான். பையன் திரும்பி வந்து மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் அதே படத்தை வரைகிறான். நவீன ஓவியத்தின் மொத்தக் கொள்கையும் நாஞ்சில் நாட்டு எல்லையில் தோற்றுப்போகும் இடம் இது. ஆசிரியர் விடாமல், சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்று மடக்கிப் பார்ப்பார். “உதிக்குது சார். மறையும்போ எனக்கு டியூஷன்” என்பான். அண்மைக் காலத்தில் ஒரே முன்னேற்றம், மலைக்கு முன்னால் ஒரு காற்றாலை முளைத்திருப்பதுதான்.

கடற்கரைக் கூடங்களில் இந்தப் படத்தின் மறுபதிப்பு உண்டு: பாறை, அதில் திருவள்ளுவர், சூரியன், வள்ளம். சிலைக்கும் பீடத்துக்கும் சேர்த்து உயரம் 133 அடி என்பது எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். படத்தில் வள்ளுவரைவிட வள்ளத்துக்காரர் பெரியவராக இருப்பார், அவர் மாமா. 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வந்தது: கண்ணாடிக்கு என்ன நிறம்? பெரும்பாலோர் நிறமே பூசாமல் விட்டுவிடுகிறார்கள். சரியான விடை அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுற்றுலாவும் பாடத்தில் அடங்கும். பத்மநாபபுரம் அரண்மனை குமரி மாவட்டத்தில் இருக்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கி முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிடும். திருநந்திக்கரைக் குடைவரையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சுவரோவியங்களின் மிச்சம், மங்கிய கோடுகளாக இருக்கிறது. அங்கே பெரியவர்கள் மௌனமாக நிற்பார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வி, “இத யாரு அழிச்சா?” அழிரப்பரோடு வாழ்பவர்களின் கேள்வி. சுசீந்திரத்தில் பதினெட்டடி அனுமாரை வரைய ஒரு தாள் பற்றாது. வால் மூன்றாம் தாளுக்குப் போகும். அதை வரைந்தவன் முதல் இரண்டு தாளைத் தொலைத்திருப்பான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி பெற்றோர். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது; அந்த முதலிடத்தின் விளைவை மாலை ஐந்து மணிக்கு ஓவியக்கூட வாசலில் காணலாம். “இதுக்கு மார்க்கு உண்டா?” என்பது முதல் கேள்வி. “சர்டிபிகேட்டாவது உண்டா?” என்பது இரண்டாவது. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் லோயர், ஹையர் ஓவியத் தேர்வுகளைச் சொன்னால் முகம் தெளியும். பிறகு மகள் வரைந்த தாளைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நன்றாக இருக்கிறது என்பார்கள்.

போட்டி என்று வந்துவிட்டால் வரைவதும் அவர்களே. காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் பிள்ளைகளுக்கான போட்டியைத் தொடங்கினார். 1952 முதல் போட்டி நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து வரையும் போட்டியையும் நடத்தினார். அப்பா வரைவதற்கு வழியே இல்லாத ஏற்பாடு. அவர் பிறந்தது அன்றைய திருவிதாங்கூரில். குமரிக்காரர்களுக்கும் அதே சமஸ்தானம்தான், பெற்றோரை நன்கு அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து அனுப்பும் போட்டிகளிலோ, இரண்டாம் வகுப்புப் பையனின் பெயரில் நீர்வண்ணத்தில் நிழலும் ஒளியும் இழைத்த பூமி உருண்டை ஒன்று கண்ணீர் விட்டபடி வந்து சேரும். தலைப்பு எதுவானாலும் பூமி அழும். மரம் நடுவோம், நெகிழி ஒழிப்போம், போதையற்ற இந்தியா, எதற்கும் அதே பூமி, அதே கண்ணீர்.

எட்டாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். சொல்லிக்கொண்டு போவதில்லை, தம்பியை அனுப்பிவைப்பார்கள். கூடத்தில் எஞ்சுபவை படங்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றால் பரிசு வாங்கியதை மட்டும் எடுத்துச் செல்வார்கள். மீதியைக் கரையானும் எலியும் புகாத பத்தாயத்தில் போட்டு வைப்பது வழக்கம். நெல்லுக்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் வேலை. பத்தாயம் நிறைந்ததும் பெற்றோருக்குத் தகவல் சொல்லி ஒரு மாதம் காத்திருப்பார்கள். யாரும் வராவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தத் தாள்கள் பாடநூல்களுக்கு அட்டை போடப் போகும். சார்ட் தாள் கெட்டி. கணக்குப் புத்தகத்துக்கு அரையாண்டுத் தேர்வு வரை தாங்கும்.