எட்டாவது வள்ளல் ஆவது எப்படி?

சங்க காலத்தில் வள்ளல் ஆவது செலவு பிடித்த வேலை. மலை வேண்டும், தேர் வேண்டும், பாடுவதற்கு நாலு புலவராவது வேண்டும். இப்போது அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மேனாம்பேட்டில் மாடி போர்ஷனில் உட்கார்ந்தபடியே, ஓர் ஆன்லைன் கடையையும் ஒரு டெபிட் கார்டையும் வைத்துக்கொண்டு கடையெழு வள்ளல்களோடு எட்டாவது ஆளாகச் சேர்ந்துவிடலாம். பாரி தேர் கொடுத்த முல்லைக்கொடி பக்கத்திலேயே இருந்தது. உங்கள் முல்லைக்கொடி கலிபோர்னியாவில் இருக்கிறது. அதன் பெயர் கூகுள்.

நீங்கள் வார்ப்பிரும்புத் தோசைக்கல் விற்பதாக வைத்துக்கொள்வோம். கல் ஒன்று 900 ரூபாய். வாங்கிய விலை, பெட்டி, கூரியர் எல்லாம் போக 250 ரூபாய் நிற்கும். அந்த 250-ஐக் கூகுள் விளம்பரத்தில், க்ளிக்குக்கு இவ்வளவு என்று, முறையாகக் கொடையளிக்கும் வழிகள் இதோ.

1. ஒரே சொல்லை வாங்குங்கள்

'வார்ப்பிரும்பு தோசைக்கல் 12 இன்ச் விலை' என்று தேடுகிறவர் கல் வாங்க வந்தவர். அவரை விட்டுவிடுங்கள். 'தோசை' என்ற சொல்லை மட்டும் போடுங்கள். 'பிராட் மேட்ச்' என்னும் தாராள வகையைக் கூகுளே முன்கூட்டி வைத்திருக்கும், அதில் கை வைக்காதீர்கள். பசியோடு பக்கத்து ஓட்டலைத் தேடுகிறவர், மாவு புளிக்கவில்லை என்று தவிக்கிறவர், நீர்தோசைக்கு அரிசி அளவு கேட்கிறவர் எல்லோருக்கும் உங்கள் விளம்பரம் போய்ச் சேரும்.

'தோசைக்கல் பழக்குவது எப்படி' என்று தேடுகிறவருக்குக் கட்டாயம் காட்டுங்கள். அவர் போன வாரம்தான் வேறு கடையில் கல் வாங்கியிருப்பார். 'பழைய இரும்பு விலை' என்று தேடுகிறவர் அந்தக் கல்லை எடைக்குப் போடப் போகிறவர். அவரும் க்ளிக் செய்யட்டும். விலக்குச் சொற்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. 'எப்படி', 'செய்முறை', 'ஓட்டல்', 'இலவசம்', 'பழைய' என்று அதில் எழுதி வைத்தால் இத்தனை பேரும் வரமாட்டார்கள். ஆகவே அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

2. ஊர் எல்லையை விரித்து வையுங்கள்

'சென்னை' என்று தேர்ந்தெடுத்தால் சென்னையில் இருப்பவருக்கு மட்டும் காட்டும் என்று நினைப்பது உங்கள் வெள்ளை மனசு. முன்கூட்டி வைத்திருக்கும் அமைப்பில் சென்னைமேல் ஆர்வம் காட்டியவர்களும் சேர்த்தி. துபாயில் உட்கார்ந்து சென்னை வீட்டு வாடகையைத் தேடிக்கொண்டிருந்தவர்கூட உங்கள் வாடிக்கையாளர்தான். சென்னையில் இருப்பவர்கள் மட்டும் போதும் என்று சொல்லும் ஒரு வட்டம் அங்கேயே இருக்கிறது. அதைத் தொட்டால் கொடை குறையும். இந்தியா முழுக்கத் திறந்துவிட்டால் இன்னும் சிறப்பு. மூன்று கிலோ இரும்பைக் குவாஹாட்டிக்கு இலவச டெலிவரி செய்தவர் என்ற புகழ், கல்லை விற்ற லாபத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

3. பட்ஜெட்டைச் சொல்லில் மட்டும் வையுங்கள்

நாளுக்கு 500 ரூபாய் என்று எழுதுங்கள். ஒரு நாள் 1,000 போயிருந்தால் பதறாதீர்கள். தேடுவோர் கூடும் நாளில் தினசரித் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை எடுத்துக்கொள்ள விதி உண்டு. மாதக் கணக்கை 30.4 நாளுக்குப் போடுவார்கள், அதற்குமேல் எடுக்கமாட்டார்கள். அதாவது 15,200 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,736. ஆக 17,936. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் அந்த 2,736-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அதுவும் புண்ணியக் கணக்கில் சேரும்.

இன்னொன்று, விளம்பர இடத்துக்கான ஏலத்தில் அதிக விலை சொன்னால் முதலிடம் நிச்சயம் என்று நம்புங்கள். 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் தளத்தில் அப்படித்தான் இருந்தது. காசு அதிகம் சொன்னவர் மேலே. 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு கூகுள் விளம்பரக் கடை விரித்தது. 2002-இல் ஏலத்துக்கு மாறியபோது, நீங்கள் சொல்லும் விலையோடு விளம்பரத்தின் தகுதியையும் சேர்த்துப் பார்த்தது. தேடியவருக்கு ஏற்ற விளம்பரம், சொன்னதையே காட்டும் பக்கம், சட்டென்று திறக்கும் தளம் என்று வைத்திருப்பவர் குறைந்த விலையிலேயே மேலே ஏறிவிடுவார். அப்படிச் சிக்கனமாக ஏறுவது வள்ளலுக்கு அழகல்ல.

4. எழுதும்போது எதையும் சொல்லிவிடாதீர்கள்

ஒரு விளம்பரத்துக்கு 15 தலைப்பு, தலைப்புக்கு 30 எழுத்து. 4 விளக்கம், விளக்கத்துக்கு 90 எழுத்து. இவ்வளவு இடத்தில் எடை, அளவு, விலை, எத்தனை நாளில் வீடு வந்து சேரும் என்று எல்லாம் எழுதினால், வேண்டாதவர் படித்துவிட்டுப் போய்விடுவார். க்ளிக் விழாது. க்ளிக் விழாவிட்டால் காசு போகாது. ஆகவே 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'நம்பிக்கைக்கு நாங்கள்' என்று எழுதுங்கள். நகைக்கடைக்கும் பொருந்தும், நர்சிங் ஹோமுக்கும் பொருந்தும்.

2018 முதல் தமிழிலும் விளம்பரம் கொடுக்கலாம். கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மேனாம்பேடு' நம் கணக்கில் ஐந்து எழுத்து. யுனிகோடு கணக்கில் ம தனி, அதன் கொம்பு தனி, புள்ளியும் தனி, ஆக மொத்தம் பத்து. தட்டும்போதே பெட்டியின் ஓரத்தில் எண் ஓடும். அதைப் பார்க்காமல் 'மேனாம்பேட்டின் மாபெரும்' என்று தொடங்கினால் தோசைக்கல்லுக்கு இடம் இருக்காது.

வாடிக்கையாளர் பாதிப் பேர் தோசைக்கல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். மீதிப் பேர் 'தவா' என்பார்கள். அவர்கள் தட்டும் விதமெல்லாம் உங்கள் தேடல் சொல் பட்டியலில் இருக்கக் கூடாது. நல்ல தமிழில் தேடாதவருக்கு நல்ல கல் எதற்கு?

5. போட்டிக் கடையின் பெயரை வாங்குங்கள்

இதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் உண்டு. பாரத் மேட்ரிமொனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றம் போனது. தங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளரின் விளம்பரம் வருகிறது என்பது புகார். 2010 செப்டம்பர் 30-இல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை மனுக்களைத் தள்ளுபடி செய்தார். 'தமிழ்', 'மேட்ரிமொனி' போன்ற பொதுச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயருக்குத் தனியுரிமை கேட்பது எவ்வளவு சிரமம் என்று அந்த வழக்கில் தெரிந்தது.

இதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 ஆகஸ்ட் 10-இல் அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னதைப் படிக்காதீர்கள். பிறர் வணிகக் குறியைத் தேடல் சொல்லாக வைப்பதும் அதைப் பயன்படுத்துவதுதான் என்றது அந்தத் தீர்ப்பு. அதனால் மட்டும் அத்துமீறல் ஆகிவிடாது, வாங்குபவர் குழம்பினால் ஆகும் என்றும் சொன்னது. போட்டியாளர் பெயரைத் தலைப்பிலேயே போட்டுக் குழப்பிவிட்டால், தோசைக்கல் லாபத்தில் ஒரு பங்கு வக்கீலுக்கும் போய்ச் சேரும்.

6. வந்தவரை வாசலிலேயே விட்டுவிடுங்கள்

தோசைக்கல் விளம்பரத்தைத் தொட்டவரை முகப்புப் பக்கத்துக்கு அனுப்புங்கள். ஆப்பச்சட்டி, பணியாரக்கல், சென்ற பொங்கல் தள்ளுபடி எல்லாவற்றையும் தாண்டி அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்ததும் 'ஸ்டாக் இல்லை' என்று வரவேண்டும்.

7. சொந்தபந்தங்களை இறக்குங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம விளம்பரம் வருதான்னு பாருங்க' என்று போடுங்கள். அத்தை பார்ப்பார். "வருதுப்பா, நாலு தடவை தொட்டுப் பாத்துட்டேன்!" "அத்தை, தொடாதீங்க, ஒவ்வொரு தடவைக்கும் காசு!" "அப்படியா? மாமாகிட்ட சொல்லிடறேன், அவர் இப்பத்தான் தொட்டுக்கிட்டிருக்கார்." போலி க்ளிக் என்று தெரிந்தால் கூகுள் அந்தக் காசை உங்கள் பில்லிலிருந்து கழித்துவிடும். அத்தையின் பாசம் அதன் கண்ணுக்குப் போலியாகத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

8. பீஸ் கணக்குப் போடாதீர்கள்

நம் மேனாம்பேட்டில் இதுதான் கடினம். பட்டரவாக்கம் ஸ்டேஷனைத் தாண்டினால் 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை. அங்கே ஜாப் ஒர்க் எடுக்கும் லேத் பட்டறையில் மெட்டீரியல், மெஷின் நேரம், ஸ்கிராப் எல்லாம் போட்டு, ஒரு பீஸுக்கு என்ன விழுந்தது என்று பைசாவரை சொல்வார்கள். அவர்களிடம் உங்கள் விளம்பரக் கணக்கைக் காட்டிவிடாதீர்கள். க்ளிக் 12 ரூபாய், 100 க்ளிக், 1,200 ரூபாய், வந்தது 2 ஆர்டர் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், "ஒரு பீஸுக்கு 600 விழுதே சார், உங்களுக்கு நிக்கறது 250 தானே?" என்று கேட்டுவிடுவார்கள். 250-க்குள் அடங்க வேண்டுமென்றால் 100 க்ளிக்குக்குக் குறைந்தது 5 ஆர்டர் வரவேண்டும், அப்போதும் கையில் மிஞ்சுவது ஆர்டருக்குப் பத்து ரூபாய் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

நீங்கள் அதற்குப் பதில் 'ஆப்டிமைசேஷன் ஸ்கோர்' என்ற எண்ணைப் பாருங்கள். கூகுள் சொல்லும் பரிந்துரைகளை ஏற்றால் அது 100 நோக்கி ஏறும். அந்த நூறு தோசைக்கல் விற்றதற்கான மார்க் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்டதற்கான மார்க்.

அப்படியும் பட்டறைக்காரர் விடாமல், "எந்த வார்த்தைக்குக் காசு போச்சுன்னு லிஸ்ட் இருக்கா?" என்று கேட்டால், இருக்கிறது. தேடல் சொற்கள் அறிக்கை என்று பெயர். வாரத்துக்கு ஒருமுறை திறந்து, கல் வாங்காத சொற்களை அடித்துக்கொண்டே வந்தால் போதும், வேறு வித்தை எதுவும் தேவையில்லை. அதைத் திறக்கிற அன்றைக்கு இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது.