கூரையில் புல், கக்கூஸில் ராஜா

வால்ட்ரெஸ், நார்வே
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் குரலைத் தாழ்த்திக் கேட்டாயே, "தம்பி, உண்மையைச் சொல்லு, வேலை போயிருச்சா?" என்று. வேலை போகவில்லை அக்கா. ஆஸ்லோவில் இருந்த மாடி வீட்டை விற்றுவிட்டு மலைக்காட்டு மரக் குடிசைக்கு நாங்களாகத்தான் வந்தோம். இதை நம் ஊர் மண்டபம் டீக்கடையில் எப்படிச் சொல்வது என்று மச்சான் தவிப்பது எனக்குப் புரிகிறது. வெளிநாடு போனவன் ஓலைக் குடிசையை இடித்து ஓட்டு வீடு, ஓட்டைப் பிரித்து மாடி, மாடிக்கு மேலே கழுகு பொம்மை என்று ஏறுவதுதான் முறை. நான் அதே ஏணியில் இறங்கி வந்துகொண்டிருக்கிறேன்.

முழு மனதோடு என்றும் சொல்ல மாட்டேன். கொரோனா நேரத்தில் இந்த நாட்டு மத்திய வங்கியின் வட்டி பூஜ்யம். அந்தத் தெம்பில் வீடு வாங்கினேன். 2023 டிசம்பரில் அது 4.5 சதவீதமாகிவிட்டது. தவணை கட்டிய மறுநாள் தக்காளி விலையைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். பெரியவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். எனக்குக் கப்பல் வரைபட வேலை, கம்ப்யூட்டர் இருந்தால் காட்டிலும் நடக்கும். என் வீட்டுக்காரி நர்ஸ், அவளை வேண்டாம் என்று சொல்லும் ஊர் உலகத்திலேயே கிடையாது.

குடிசைக்கு இங்கே ஹிட்டே என்று பெயர். சுமார் 56 லட்சம் சனம் உள்ள நாட்டில் நான்கு லட்சத்துக்கு மேல் ஹிட்டே! வசதியானவர்கள் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு ஈஸ்டருக்கு இங்கே வந்து, வாளியில் தண்ணீர் தூக்கி, விறகு பிளந்து, துப்பறியும் நாவல் படித்து, ஆகா என்ன நிம்மதி என்கிறார்கள். நாவலைத் தவிர மற்றதெல்லாம் நம் அம்மா தினமும் செய்தாள். அதற்கு நிம்மதி என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியாது.

எங்களுடையது 45 சதுர மீட்டர், அதாவது 484 சதுர அடி. ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சாமானைக் கழிக்கும்போது கிரைண்டரா சோபாவா என்று இரண்டு நாள் சண்டை. கிரைண்டர் ஜெயித்தது. ஆனால் அதையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் கரண்ட் போய்விடும். மாவு வேண்டுமா, சூடு வேண்டுமா என்று ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டெடுப்பு நடக்கிறது.

இன்னொரு கூத்து. இந்தக் கட்டடம் ஏட்டில் ஓய்வுக்கு மட்டும். ஆண்டு முழுக்கக் குடியிருக்க நகராட்சியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தாள் வருகிறவரை எனக்குத் தனுஷ்கோடி அத்தை ஞாபகம்தான். 1964 புயலுக்குப் பிறகு அது ஆள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் சொல்லியும், அத்தை அங்கேயே ஓலை வேய்ந்து மீன் காயவைத்துக்கொண்டிருந்தாளே!

சரி, குடிசையைச் செப்பனிட்ட வேலைக்கு வருகிறேன். ஆணியில்லாமல் மூலைக்கு மூலை வெட்டிக் கோத்த முழு மரங்கள்தான் சுவர். அடிமரத்தை விரலால் குத்தினேன், அல்வா மாதிரி உள்ளே போனது. மண் ஈரம் ஏறி உளுத்திருக்கிறது. அடியில் கல்லைக் கெட்டியாகப் போட்டால் போதாதா என்றால், இங்கே நிலத்துக்குள் இருக்கும் தண்ணீரே குளிரில் உறைந்து கல்லை மேலே தள்ளிவிடுமாம். வசந்தத்தில் உருகி இறக்கிவிடுமாம். கடல் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறோம், தரை ஏறி இறங்குவதை இங்கேதான் பார்க்கிறேன். கடைசியில் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கி அடிமரத்தை மாற்றினோம். பக்கத்துக் குடிசைக்காரர்கள் ஆறு பேர் கூலி வாங்காமல் வந்தார்கள். டுக்னாட் என்று ஒரு வழக்கம், சோறு போட்டால் போதும். சாம்பாரில் முருங்கைக்காயை முழுசாகக் கடித்து விழுங்கிய ஒருவர் மட்டும் மறுநாள் வரவில்லை.

மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று புகாமல் பாசியைத் திணிக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் அப்பா வத்தைப் படகுக்குக் கலப்பத்து அடிப்பது இதேதானே! பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் டொக்கு டொக்கென்று இறக்கி, மேலே குங்கிலியம் பூசுவாரே. நான் பஞ்சு எடுத்துக் கொடுத்ததோடு சரி, உளியைத் தொடவிட்டதில்லை. ஆனால் அன்றைக்கு, "எங்கப்பா படகு கட்டுற ஓடாவி, தள்ளுங்க" என்று முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். மூன்று இடுக்கு ஜோராக அடைந்தது, நாலாவதில் என் கட்டைவிரல். அறுபதுகளில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் மண்டபத்துக்கு வந்து நமக்கு மோட்டார் படகைக் காட்டியது என்று அப்பா சொல்வாரே, அந்தக் கடனுக்கு ஒரு நகம் கொடுத்தாயிற்று.

கூரை ஓலையில்லை, ஓடில்லை, உயிருள்ள புல். பூர்ச்ச மரப்பட்டையை அடுக்கி அதன்மேல் மண்ணோடு புல்லைப் போர்த்துகிறார்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. அந்தக் கனம் சுவர் மரங்களை அழுத்தி இடுக்கை மூடுகிறதாம். நம் ஊரில் ஆடு வேலிக்குள் புகுந்தால் சண்டை, இங்கே கூரைமேல் ஏறி மேய்ந்தாலும் போட்டோ எடுக்கிறார்கள்.

விறகு விஷயம் மானக்கேடு. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்ட சீமைக்காரன் நான். எனக்குப் போய் விறகு அடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2013இல் இந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் நிகழ்ச்சி போட்டது, அதில் எட்டு மணி நேரம் அடுப்பு எரிவதை மட்டும் காட்டினார்கள். வந்த புகாரில் பாதி, பட்டை மேலே பார்க்க அடுக்கிவிட்டார்கள் என்று. மீதிப் பாதி, கீழே பார்க்க அடுக்கிவிட்டார்கள் என்று. நான் ஒரு வரிசை மேலே, ஒரு வரிசை கீழே அடுக்கியிருக்கிறேன். இப்போது இரண்டு கட்சியும் என்னோடு பேசுவதில்லை.

தண்ணீர் மட்டும் எனக்குப் பழக்கம். தண்ணியில்லாக் காடு என்று அதிகாரிகளை மிரட்டி அனுப்பிய மாவட்டத்தில் தள்ளுவண்டியில் குடம் தள்ளி வளர்ந்தவன்தானே. சனவரியில் குழாய் உறைந்துவிட்டால் ஓடைக்குப் போய்ப் பனிக்கட்டியை உடைத்து மொள்ள வேண்டும். குடம் இல்லாததுதான் குறை, வாளி இடுப்பில் உட்கார மாட்டேன் என்கிறது.

நீ அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை வறுத்த அன்று சின்னவன் பனியில் வெளியே போய் நின்றுகொண்டான். பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் மோப்பம் பிடித்து வந்து, பதிலுக்கு ஒரு கிண்ணம் ரக்ஃபிஸ்க் கொடுத்தாள். மாதக்கணக்கில் உப்பில் புளிக்கவைத்த மீன். மூடியைத் திறந்ததும் நானும் சின்னவனோடு போய் நின்றுகொண்டேன்.

கடைசியாக ஒன்று. கக்கூஸ் வெளியே தனி மரப்பெட்டி மாதிரி நிற்கிறது. அதற்குள் ராஜா ராணி படத்தை மாட்டுவது இந்த நாட்டில் பழைய வழக்கம், அவமரியாதை இல்லையாம். பழைய சொந்தக்காரர் மாட்டிய ராஜா இன்னும் இருக்கிறார். அவர் முன்னால் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எழுந்து நிற்கத்தான் தோன்றுகிறது. அடுத்த பார்சலில் பழைய பாம்பன் பாலம் போட்ட காலண்டர் ஒன்று வை அக்கா. அப்பாவின் கலப்பத்து உளி பரணில் கிடந்தால் அதையும் வை. காலண்டர் எங்கே மாட்டப் போகிறேன் என்று மச்சானிடம் சொல்ல வேண்டாம். அவர் டீக்கடையில் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
உன் தம்பி