வாங்கு, பூசு, விற்றுவிடு: திண்ணையார் பதில்கள்

பழைய ஃபிளாட்டை வாங்கி, புதுப்பித்து, கைமாற்றி விடும் ‘ஃபிளிப்பிங்’ பற்றிப் போன மாதம் ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டார். அன்றிலிருந்து திண்ணையாரின் தபால் பையில் வேறு பேச்சே இல்லை. ஓய்வு பெற்றவர், ஓய்வு பெறப்போகிறவர், இன்னும் வேலையிலேயே சேராதவர் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ரியல் எஸ்டேட் ஆசை வந்திருக்கிறது. எங்கே ஆரம்பித்தாலும் ஃபால்ஸ் சீலிங்கைத் திட்டி முடிக்கும் அவருடைய பழக்கம் இந்த வாரமும் மாறவில்லை.

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்றால் லாபம் வருமா?
*வாசகர், ஆவடி*

வரும். யாருக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறேன். 5 லட்சம் செலவு செய்தால் 65 லட்சத்துக்குப் போகும். எட்டே மாதத்தில் 10 லட்சம் லாபம். மனைவி நம்ப மறுக்கிறார். எப்படிப் புரியவைப்பது?
*தனியார் நிறுவன ஊழியர், மடிப்பாக்கம்*

புரிந்துகொள்ள வேண்டியவர் மனைவி அல்ல. காகிதமும் பேனாவும் எடுங்கள்.

தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக்கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். அதே கையோடு வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆக 50 லட்சத்துக்கு 4.5 லட்சம் போயிற்று. புரோக்கருக்கு ஒரு சதவீதம், 50 ஆயிரம். ரிப்பேருக்கு நீங்கள் சொன்ன 5 லட்சம். (மேஸ்திரி சொன்ன 5 லட்சம் 5 லட்சத்திலேயே நின்றதாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் வைத்துக்கொள்வோம்.) அடக்கவிலை 60 லட்சம்.

65-க்கு விற்றால் புரோக்கர் மறுபடியும் வருவார், 65 ஆயிரம். மிச்சம் 4 லட்சத்து 35 ஆயிரம். வங்கியில் 40 லட்சம் கடன் வாங்கியிருந்தால், 9 சதவீத வட்டியில் எட்டு மாதத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இப்போது கையில் 1 லட்சத்து 95 ஆயிரம். 24 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால மூலதன ஆதாயம். உங்கள் வருமான வரி அடுக்கு எதுவோ அந்த விகிதத்தில் வரி. 30 சதவீத அடுக்கில் இருந்து, வட்டியையும் செலவாக ஒப்புக்கொண்டார்கள் என்றே வைத்தாலும், சுமார் 1 லட்சத்து 36 ஆயிரம் தேறும். அசோசியேஷன் மெயின்டனன்ஸ், கரண்ட் பில், தினமும் சைட்டுக்குப் போய்வந்த பெட்ரோல் எதுவும் இதில் இல்லை.

எட்டு மாதம் மேஸ்திரி, பிளம்பர், எலெக்ட்ரீஷியன் மூவரிடமும் மல்லுக்கட்டியதற்கு மாதச் சம்பளம் 17 ஆயிரம். இதே ஃபிளாட்டில் நீங்கள் வாங்கும்போது 4.5 லட்சம், உங்களிடம் வாங்குபவர் பதியும்போது 5.85 லட்சம் என்று அரசாங்கத்துக்குப் போவது 10 லட்சத்து 35 ஆயிரம். நீங்கள் சொன்ன 10 லட்சம் லாபம் சரியான கணக்குதான், ஆள்தான் வேறு.

அமெரிக்காவில் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். புதுப்பித்த பிறகு என்ன விலை போகுமோ அதில் 70 சதவீதம். அதிலிருந்து ரிப்பேர் செலவைக் கழித்தால் வருவதுதான் வாங்கும் விலை, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. உங்கள் ஃபிளாட்டுக்குப் போட்டுப் பார்த்தால் 45.5 லட்சத்தில் 5 போக 40.5 லட்சம். அந்த விலைக்குக் கேளுங்கள். உட்காரச் சொல்லி காபி கொடுத்தால் திண்ணையாருக்கும் எழுதுங்கள்.

தென்மேற்கு மூலையில் டாய்லெட் இருந்தால் விற்குமா?
*வாசகி, பல்லாவரம்*

கதவும் தண்ணீரும் இருந்தால் விற்கும்.

பவர் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு, நம் பெயரில் கிரயமே பதியாமல் அடுத்தவருக்கு விற்றால் அந்த 9 சதவீதம் மிச்சம்தானே?
*வாசகர், தாம்பரம்*

மூளைக்காரர். உங்களுக்கு முன்பே நாடு முழுக்க நிறைய மூளைக்காரர்கள் இப்படிச் செய்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: பவர், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும் சொத்து கைமாறியதாகாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். 2012-க்குப் பிறகு தமிழ்நாட்டில் நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவரையும் விற்பனை ஒப்பந்தத்தையும்கூடப் பதிவு செய்தாக வேண்டும். இன்னொன்று, சாதாரண பவர் எழுதிக்கொடுத்தவர் காலமானால் பவரும் அவரோடு போய்விடும். பழைய வீட்டை விற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுடைய ரத்த அழுத்தத்தை விசாரித்தபடியே எட்டு மாதம் காலம் தள்ளுவது என்ன பிழைப்பு?

அமெரிக்க டிவியில் அரை மணி நேரத்தில் ஒரு வீட்டையே மாற்றிவிடுகிறார்களே?
*கல்லூரி மாணவர், கோவை*

விளம்பர நேரமும் அந்த அரை மணிக்குள்தான். ‘ஃபிளிப் ஆர் ஃபிளாப்’ நிகழ்ச்சி 2013-இல் தொடங்கியபோது நடத்தியவர்கள் ஒரு தம்பதி. 2018-இல் விவாகரத்து ஆயிற்று. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்தே 2022 வரை வீடுகளை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் கூட்டாளியைச் சீக்கிரம் விட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எந்த வீடு லாபம் என்று இப்போது கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமே? அனுபவம் எதற்கு?
*மென்பொருள் பொறியாளர், சிறுசேரி*

இந்தக் கேள்விக்காகத் திண்ணையார் நாலு வருஷமாகக் காத்திருக்கிறார்.

அமெரிக்காவில் ஜில்லோ என்றொரு கம்பெனி. நாட்டிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் விலை போட்டு இணையத்தில் காட்டும். ஜனங்கள் தங்கள் வீட்டு விலையையும், அதைவிட ஆர்வமாகப் பக்கத்து வீட்டு விலையையும் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. 2018-இல், ‘விலை சொல்லும் நாமே வாங்கி, பெயின்ட் அடித்து, விற்றால் என்ன?’ என்று இறங்கினார்கள். புள்ளிவிவரமா, குவிந்து கிடந்தது. கணக்குப் புலிகளுக்கும் பஞ்சமில்லை. பணத்துக்கோ பங்குச்சந்தை இருந்தது.

2021-இல் ஒரே காலாண்டில் 9,680 வீடுகளை வாங்கினார்கள். விற்றது 3,032. அமெரிக்காவிலும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தட்டுப்பாடு. வாங்கிய வீடுகள் வேலைக்கு ஆளில்லாமல் வரிசையில் நின்றன. விலை ஏறும் என்று கம்ப்யூட்டர் எவ்வளவு சொன்னதோ அவ்வளவு ஏறவில்லை. அந்தக் காலாண்டில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. நவம்பர் 2-ஆம் தேதி கடையைக் கட்டுவதாக அறிவித்தார்கள். ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போயிற்று.

பாத்ரூம் சுவரில் காது வைத்தால் குழாய் கசிகிற சத்தம் கேட்கும். மேல்வீட்டுக்காரர் மாடியில் எத்தனை தொட்டிச்செடி வைத்திருக்கிறார், ராத்திரி பத்து மணிக்குக் கீழ்க்கடையில் யார் நிற்கிறார்கள் என்பதை நேரில் போனவர்தான் பார்ப்பார். அந்தக் கம்ப்யூட்டருக்குக் காதும் இல்லை, ராத்திரியும் இல்லை.

திருவல்லிக்கேணியில் கிட்டத்தட்ட நூறு வருஷப் பழைய வீடு அமைந்திருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை. ஃபால்ஸ் சீலிங் போட்டு, தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டி விற்கலாமா?
*வாசகர், சென்னை*

கொஞ்சம் பொறுங்கள், திண்ணையார் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.

நீங்கள் மூடப்போவது என்ன என்று தலையைத் தூக்கிப் பார்த்தீர்களா? தேக்கு உத்தரம். அதன் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் நெருக்கி அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியது அது. மேலே தட்டோடு. கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. அதன் கீழே ஜிப்சம் பலகை மாட்டி, ஓரத்தில் நீல லைட் போட்டு, ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆக்கிவிட்டு விலை ஏறும் என்கிறீர்கள்.

ஏறலாம், அதுதான் எரிச்சல். ஆனால் வாங்க வருபவர் விவரமானவராக இருந்தால் ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்ததும் அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்று: எதை மறைக்கிறார்கள்? பாதி வீடுகளில் பதில், ஒழுகல். கடலோர ஊரில் கான்கிரீட் கூரைக்குள் உப்பும் ஈரமும் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பூச்சு உப்பி, சில்லு சில்லாகக் கொட்டும். பலகை மாட்டினால் அது நிற்காது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்களே ஒரு வீட்டை வாங்கப் போகும்போது பலகையில் பதித்த லைட் ஒன்றைக் கழற்றச் சொல்லி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். கழற்றக் கூடாது என்று விற்பவர் பதறினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

உங்கள் வீட்டுக்குச் செய்ய வேண்டியது மேலே: தட்டோட்டுச் சந்துகளைச் சரிசெய்யுங்கள், மழைநீர்க் குழாய் அடைப்பை எடுங்கள், உத்தரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தரை சிவப்பு ஆக்சைடாக இருந்தால் பாலிஷ் போடுங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் அடுத்த வாரம் இதே பகுதியில் உங்களுக்குத் தனி மரியாதை நடக்கும்.

வங்கி ஏலத்தில் வாங்கினால் மலிவாமே?
*வியாபாரி, சேலம்*

மலிவுதான். ‘இருந்த இடத்தில் இருந்தபடி’ என்று ஏல அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். பழைய சொத்துவரி பாக்கி இருந்தபடி, சில சமயம் குடியிருப்பவரும் இருந்தபடி. ஏலம் கேட்கும் முன் முன்பணம் கட்ட வேண்டும். கிடைத்துவிட்டால், முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் அன்றோ அடுத்த வேலை நாளிலோ. பாக்கியை விற்பனை உறுதியான 15 நாளில் கட்ட வேண்டும். வங்கி ஒப்புக்கொண்டால் கொஞ்சம் தவணை உண்டு. கடனை நம்பிப் போகிறவர் முதலில் தன் வங்கியில் 15 நாளில் என்ன நடக்கும் என்று விசாரிக்கட்டும்.

கறுப்பில் பாதி வாங்கிக்கொள்ளலாமா?
*பெயர் வேண்டாம்*

ஊர் பெயரும் வேண்டாம் என்று திண்ணையாரே எடுத்துவிட்டார். வீட்டு விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

எங்கள் தெருவில் 78 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வீட்டின் விலை அவருக்குத் தெரியவில்லை. பாதி விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். என் முதல் முதலீடாக இதை வாங்கினால் தப்பா?
*வாசகர், மதுரை*

தப்பு. இதில் விளையாட்டுப் பதில் கிடையாது.

அந்த அம்மாவிடம் போய் முதலில் வழிகாட்டி மதிப்பைச் சொல்லுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தெருவில் கடைசியாக விற்ற வீடு என்ன விலைக்குப் போனது என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளை வரச் சொல்லி, அவர்கள் எதிரில் பேசுங்கள். வேறு இருவரிடமும் விலை கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கே கொடுக்க நினைத்தால் முழுப் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுங்கள். அவர் வேறு இடம் பார்த்துக் குடிபோக எத்தனை மாதம் வேண்டுமோ அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உங்கள் லாபம் குறையும். குறையட்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. வீடு கணவர் பெயரில் இருந்து அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. கல்யாணமாகிப் போன மகளின் கையெழுத்து இல்லாத கிரயத்தை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு விற்க முடியாது. முதுமையால் தளர்ந்த ஒருவரை வசப்படுத்திப் போட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து வாங்கினால், பொதுவாக அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானமாகவே வரித்துறை கணக்கில் எடுக்கும்.

டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே முயலலாமா? தங்கை சிங்கப்பூரில் முயலலாம் என்கிறாள்.
*வாசகர், ஸ்கார்பரோ*

கனடாவில் 2023 முதல், வாங்கி 365 நாளுக்குள் விற்றால் லாபம் முழுக்க வியாபார வருமானம். மரணம், பிரிவு, கடும் நோய், வேலை மாற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வரி மிச்சம் பிடிக்க இவற்றில் எதையும் வரவழைத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூர் இன்னும் கறார்: 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை முதல் வருஷத்திலேயே விற்றால் விலையில் 16 சதவீதம் விற்பவர் கட்ட வேண்டும்; பிறகு 12, 8, 4 என்று இறங்கி, நாலு வருஷம் கழித்துத்தான் விடுதலை. தங்கையிடம் சொல்லுங்கள், அது லாபத்தில் அல்ல, விலையில்.

ஆடி மாதத்தில் பத்திரம் பதியலாமா?
*வாசகி, கும்பகோணம்*

தாராளமாக. முகூர்த்த நாளில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் விட்டும் கூட்டம் தாங்காது. ஆடியில் போனால் உட்கார நாற்காலி கிடைக்கும்.