வீட்டு ரவுட்டரில் விபிஎன்: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

அகப்பாட்டை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுப்பது இலக்கண மரபு. வீட்டு ரவுட்டரில் விபிஎன் அமைப்பதற்கும் இப்பகுப்பு அப்படியே பொருந்தும். அமைப்பவர்கள் உரிப்பொருளில் மூழ்கிவிட்டு முதற்பொருளைக் கோட்டை விடுகிறார்கள் என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் என்பது முகவரி. பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918, இவ்வகை எண்களை யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் புழங்கலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது. ஆகவே அண்ணா நகரிலும் ஆண்டிபட்டியிலும் அதே எண்தான். விபிஎன் வழியே இணையும் ஆபீஸ் நெட்வொர்க்கும் அதே வரிசையில் இருந்துவிட்டால், ஆபீஸ் பிரிண்டருக்கு அனுப்பிய தாள் வீட்டுக்குள்ளேயே பிரிண்டரைத் தேடி அலையும்.

வெளிமுகவரி இன்னும் நுட்பமானது. அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று கொள்க. இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய நினைப்பவர் வயர்கார்டு எனும் விபிஎன்னுக்காக 51820 போர்ட்டைத் திறந்து வைக்கலாம். ஆனால் அது, வீட்டுக் கதவு திறந்திருந்தும் அபார்ட்மென்ட் கேட் பூட்டிய கதைதான். ஸ்டாட்டிக் ஐபி கேட்டுப் பெறுவது ஒரு வழி. ஐபிவி6 இருந்தால் அது மற்றொரு வழி.

இனி, பொழுது. மலிவு ரவுட்டர்கள் பலவற்றுக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் சில பெட்டிகள் 1970 ஜனவரி 1-ஆம் தேதி, இந்திய நேரம் காலை 5.30 மணிக்குக் கண் விழிக்கும். ஓப்பன்விபிஎன் எனும் இன்னொரு விபிஎன் வகை, சான்றிதழின் தேதியைப் பார்க்கும். போன வருடம் வாங்கிய சான்றிதழ் 1970-இல் இன்னும் பிறக்கவே இல்லை. சரியான நேரத்தை இணையத்தில் கேட்கலாம் என்றால், விபிஎன் சுரங்கத்துக்கு வெளியே எதுவும் போகக் கூடாது என்று செட்டிங்கில் பூட்டியாயிற்று. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற நிலை. நேரம் கேட்கும் என்டிபியை மட்டும் வெளியே விடுவதே பரிகாரம்.

கருப்பொருள், அந்நிலத்தில் வாழும் உயிர்கள்: டிவி, போன், பாட்டி. மொத்த ரவுட்டரையும் நெதர்லாந்து சர்வருக்குத் திருப்பினால், டிவியும் நெதர்லாந்துக்குக் குடிபெயர்கிறது; பாட்டியின் சீரியல் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்கிறது. டிவியைச் சுரங்கத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு லேப்டாப்பை மட்டும் உள்ளே அனுப்புவது அறிவுடையோர் வழக்கம்.

ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியு எனும் எண்ணும் கருப்பொருளின்பாற்படும். சாதாரணப் பாக்கெட் 1500 பைட். வயர்கார்டு தன் உறைக்கு 80 பைட் ஒதுக்கி 1420 என்று வைக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பானால் இன்னும் 8 போய் 1412. இதைக் கவனிக்காவிட்டால் சின்னப் பாக்கெட் தப்பிப் போகும், பெரியது நடுவழியில் தொலையும். அதாவது, வாட்ஸ்அப்பில் ‘குட் மார்னிங்’ போய்ச் சேரும். கூட அனுப்பிய ரோஜாப்பூ சுற்றிக்கொண்டே இருக்கும்.

உரிப்பொருளில் ‘ஹேண்ட்ஷேக்’ என்பது கூடல். அது நிகழாதபோது இருத்தல். கீயில் ஓர் எழுத்து பிசகினாலும் வயர்கார்டு சர்வர் வாய் திறக்காது. அறியாதவருக்குப் பதில் சொல்லாமலிருப்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது.

இம்மௌனத்தைக் கலைப்பதில் இரு கட்சிகள். கீயை மறுபடி காப்பி செய்து ஒட்டுவோர் முதல் கட்சி. ரவுட்டரின் பின்புற ரீசெட் துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவோர் இரண்டாம் கட்சி. பின்னவர் கையில் விபிஎன்னோடு பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்தே அழியும். அவை கனெக்‌ஷன் கொடுக்க வந்தவரின் நோட்டில்தான் இருக்கின்றன. அவர் போனை எடுக்கும்வரை அவ்வீட்டில் நெய்தல் ஒழுக்கமே நடைபெறும்.